துண்டுக்குள் பிடித்த விலை

கோபமாக இருக்கும்போதும் பேசாமல் இருக்க முடியாத என் அண்ணனுக்கு,

உங்கள் வண்டியைப் பார்த்தேன். ஈப்போவில் ரயில்வே கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற பாடாங் மைதானத்தில், ஜப்பான்காரன் பிடித்து விற்பனைக்கு நிறுத்தியிருந்த வண்டிகளோடு அதுவும் நின்றது. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அந்தப் பச்சை நிறம் பேராக்கில் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது என்று நீங்கள் பீற்றிக்கொண்டதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. பார்த்ததும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணி நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசை. இருக்கிறார், அவ்வளவுதான். அரிசி கிடைத்தால் கஞ்சி, கிடைக்காவிட்டால் மரவள்ளிக் கிழங்கு. உங்கள் சட்டைகளில் நல்லதையெல்லாம் கொடுத்து அரிசி வாங்கியாயிற்று. கிழிந்தது ஒன்றை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

இதையெல்லாம் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், பெயரை வாசித்துவிட்டார்கள். காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு, பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, எல்லோரையும் வரச் சொன்னார்கள். ரப்பர்ப் பால் மரம் வெட்டுகிற வேலை நின்றுபோன பிறகு பெரட்டு எதற்கு என்று புரியாமல்தான் போய் நின்றோம். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி, ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் வேலைக்குப் போக வேண்டியவர்களின் பெயரைப் படித்தார். முதலில் போனவர்களில் ஒருவரிடமிருந்தும் இன்றுவரை ஒரு சேதி வரவில்லை. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று அவர்களுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

உங்கள் மாப்பிள்ளையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அவர் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தைச் சாமான் கொட்டகை ஆக்கிய பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழங்கு நட்டார். கையெல்லாம் கொப்புளம். இருமல் வேறு விடவில்லை. அந்த உடம்போடு காட்டில் கல் சுமக்கப் போனால் என்ன ஆகும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் பெரட்டிலிருந்து வீட்டுக்கு வந்து, பால் காய்ச்சுகிற சட்டியைக் கழுவி வைத்தார். வீட்டில் பால் இல்லாமல் போய் எவ்வளவோ நாளாகிறது.

கிராணியிடம் நான் போய் நின்றேன். மோட்டார் வேலை தெரிந்தவர்களைச் சயாமுக்கு அனுப்புவதில்லை, அவர்களுக்குத் தனியாகச் சீட்டு கொடுக்கிறார்கள் என்று அவர் சொன்னார். உடனே நான், இவர் என் அண்ணனோடு வண்டித் தரகுக்குப் போனவர்தான் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். சிரிக்காதீர்கள். பெட்ரோல் ஊற்றுகிற வாய் எது, தண்ணீர் ஊற்றுகிற வாய் எது என்று தெரியாத மனிதரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன். கிராணிக்கும் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் பெயருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. பாடாங்கில் நிற்கிற வண்டிகளை விலை போடுகிறவர் ஓர் ஆள் தேடுகிறார், அவர் எடுத்துக்கொண்டால் பெயரை அடித்துவிடலாம் என்றார். அவர் யார் என்று கேட்டேன். காதர் பாய் என்றார்.

காதர் பாயா? வண்டிக்கு என் அண்ணன் கொடுக்க இருந்த விலையைத் துரையிடம் போட்டுக் கொடுத்த அதே காதர் பாயா? அவர் வாசலில் போய் நிற்பதைவிடச் சயாமுக்கே போகலாம் என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். அண்ணி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“காதர் பாய் ஒரு வார்த்தை சொல்லலை வள்ளி. உங்க அண்ணனேதான் தொரைகிட்ட வாய விட்டுட்டாரு.”

அண்ணே, இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?

இந்தக் கதையில் தெரியாததை அண்ணி சொன்னார், தெரிந்ததை நான் சேர்த்துக்கொண்டேன். அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் தோள் துண்டால் இரண்டு பேர் கையையும் மூடிக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. ஈப்போவுக்கு வந்த நம் பக்கத்துத் தரகர்கள் மாட்டை விட்டுக் காருக்கு மாறினார்களே தவிர, துண்டை விடவில்லை. ஒரு விரலுக்கு நூறு வெள்ளி, விரலின் நடுக்கணுவுக்கு ஐம்பது. ஒரே வண்டிக்கு இரண்டு தரகர்கள் வந்துவிட்டால் முதலில் துண்டுக்குள் கை கொடுத்துக்கொள்வார்கள். யார் அதிகமாகப் பிடிக்கிறாரோ அவர் விற்பவரிடம் பேசப் போவார், மற்றவர் ஒதுங்கி நிற்பார். கை சொன்ன விலையை வாய் சொல்லக்கூடாது. எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம், ஆனால் அதை மீறினவரோடு யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டத்துத் துரை தன் வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறார் என்று நீங்களும் காதர் பாயும் ஒரே நேரத்தில் போய் நின்றீர்கள். துண்டுக்குள் நீங்கள் ஐந்து விரல் பிடித்தீர்கள். காதர் பாய் அதைவிடக் குறைவு, அதனால் அவர் ஒதுங்கிக்கொண்டார். நீங்கள் இருநூறில் ஆரம்பித்திருக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லா வண்டியையும் குறை சொல்லிச் சொல்லி விலை அடிக்கிற நீங்கள், அந்தப் பச்சை வண்டியின் மரப்பிடி வைத்த ஸ்டியரிங்கைத் தொட்டீர்கள், புத்தி பேதலித்துவிட்டது. விற்றுக் கொடுப்பீர்களே தவிர உங்களுக்கென்று ஒரு வண்டி அதுவரை இருந்ததில்லை. வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், ஐந்நூறு வரைக்கும் தருகிறேன் என்று உங்கள் வாயாலேயே உளறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு துரை ஒரு காசு குறைப்பாரா?

வீட்டுக்கு வந்து, வண்டியை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தீர்களாம். அண்ணி வாசலில் நின்று கூப்பிட, “நானே உளறிட்டேன்டி” என்று சிரித்தீர்களாம். அதுவரைக்கும் எனக்குக் கோபமில்லை. ஒரு வண்டிமேல் ஆசைப்படுவது குற்றமா? அண்ணிகூட அதை இளையாள் என்று பெயர் வைத்துக் கேலி பண்ணிவிட்டு விட்டுவிட்டார். ஆனால் கோப்பிக் கடையில் தரகர்கள் எல்லோரும், இவ்வளவு கொடுத்தா வாங்கினாய் என்று கேட்டபோது, காதர் பாய் துரையிடம் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னீர்களே, அது எதற்கு அண்ணே? கேலிக்குப் பயந்தா? அன்றிலிருந்து எந்தத் தரகரும் காதர் பாயோடு துண்டுக்குள் கை வைக்கவில்லை. அவர் தரகையே விட்டுவிட்டு ஓட்டை உடைசல் சாமான் கடை போட்டார். நீங்கள் காய்ச்சலில் போன அன்று, பாடைக்குப் பின்னால் வெகு தூரத்தில் ஒருவர் தனியாக நடந்து வந்தார் என்று சொன்னார்கள். வெட்கமில்லாமல் வருகிறான் பார் என்று யாரோ காதில் விழுகிற மாதிரி சொன்னார்களாம். அவர் நின்றுவிட்டாராம், திரும்பிப் போகவில்லையாம்.

உங்கள் மாப்பிள்ளையும் நானும் அவர் கடைக்குப் போனோம். அந்த உண்மை தெரிந்த பிறகு அவர் வாசலில் போய் நிற்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் எங்களை உட்காரச் சொன்னார். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உங்கள் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். மண்வெட்டிக் கொப்புளம். தரகன் கையில் அது இருக்காது.

“ஆள் வேணும்தான் தங்கச்சி. ஆனா ஜப்பான்காரன் பார்க்க, நான் சோதிச்சுத்தான் எடுக்கணும். வண்டி தெரியாதவன நான் கொண்டாந்தேன்னு தெரிஞ்சா என் கழுத்து போயிடும்லா.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பாடாங்கில் சோதனைக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் வண்டிகளை நான் பார்த்து வைக்க, வேகவைத்த கிழங்கைக் கூடையில் வைத்துக்கொண்டு பாடாங்கில் விற்கப் போனேன். காவலுக்கு நிற்கிறவன் ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே விட்டுவிடுவான். கரி போட்டு ஓட்டுகிற லோரி வாங்க வருகிற சீன முதலாளிகளான தவுக்கேமார்களும் பெர்மிட் வைத்திருக்கிற நம் ஆட்களும் வரிசைக்கு நடுவே நடந்து பார்ப்பார்கள். நானும் கிழங்கு கிழங்கு என்று கூவிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன். குடும்பத்தோடு வந்தால் விற்பவன் இளகுவான் என்று நீங்கள் என்னை எத்தனை வண்டியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போயிருப்பீர்கள். பாகான் செராய் அரிசி ஆலைக்காரர் வண்டியிலிருந்து காம்பார் டாக்டர் வண்டி வரை, முன்னால் உட்கார்ந்து நீங்கள் இன்ஜினைக் கேட்டீர்கள், பின்னால் உட்கார்ந்து நான் மற்றதையெல்லாம் கேட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பாடாங்கைப் பார்த்து அழுதிருப்பீர்கள், இல்லை துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கியிருப்பீர்கள். ஓடிப்போன வெள்ளைக்காரர்கள் வண்டிகள்தான் பாதிக்கு மேல். டயர் ஒன்றிலும் இல்லை, எல்லாம் பலகை மேல் நிற்கின்றன. சீட்டுத் தோலை அறுத்து யாரோ செருப்புத் தைத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கறுப்பு வண்டிக்குள் கோழி அடைகாக்கிறது. தவுக்கேமார் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். கதவுக் கீழ்மடிப்பில் விரலை விட்டால் வெள்ளை மணல் வந்தால் அது ஈயச் சுரங்கத்தில் ஓடின வண்டி, அடித்தகடு இருக்காது. பின்பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் ரப்பர் பால் உறைய வைக்கிற திராவகத்தை அதில் ஏற்றியிருக்கிறார்கள், தரை அரித்திருக்கும். மேலே சொட்டையும் சொள்ளையுமாக இருக்கிற ஒரு சின்ன வண்டி, அதுதான் அந்த வரிசையிலேயே நல்லது. யாரோ டீச்சரம்மா டவுனுக்குள்ளேயே ஓட்டியிருக்கிறார். க்ளட்ச்சை மட்டும் மாற்றினால் போதும்.

சாயங்காலம் வீட்டில் உங்கள் மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு வண்டியையும் சொல்லிக்கொடுத்தேன். எத்தனையாவது வரிசை, என்ன கோளாறு, எத்தனை விரல். ஜப்பான்காரன் அடிக்கிற வாழைமர நோட்டில் விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்று, அதனால் காதர் பாய் பழைய வெள்ளியில்தான் இன்னும் மதிக்கிறார் என்று கடையிலேயே கவனித்திருந்தேன். துண்டைப் போட்டுக்கொண்டு விரல் பிடித்துப் பழக்கினேன். பாடத்தை மனப்பாடம் பண்ணுவதில் வாத்தியாரைக் குறை சொல்ல முடியுமா? எல்லாம் ஒப்பித்தார். ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

பச்சை வண்டிக்குப் பக்கத்தில் நான் போகவே இல்லை, அண்ணே. போனால் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதை யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சோதனை அன்று ஜப்பான் அதிகாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வாள். காதர் பாய் மலாயில் ஏதோ சொன்னார், அவர் தலையாட்டினார். கூடையோடு நான் காவல்காரன் பக்கத்தில் நின்றேன். காதர் பாய் உங்கள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தார். டீச்சரம்மா வண்டியைக் கடந்தார். திராவக வண்டியைக் கடந்தார். கறுப்பு வண்டியையும் கடந்தார். உங்கள் வண்டி முன்னால் போய் நின்று, தோள் துண்டை எடுத்துக் கையை மூடி நீட்டினார்.

உங்கள் மாப்பிள்ளை துண்டுக்குள் கையை விட்டார். விட்ட கை அசையவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் சொல்ல விரும்பவில்லை. வாத்தியார் என்பதால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. கிழங்குப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பிடக் கொடுக்கிறவள் மாதிரி அவர்கள் நடுவே போய் நின்றேன். உங்கள் வண்டியை முழுசாகப் பார்த்தேன். இடது கதவுக்கும் உடம்புக்கும் நடுவே மேலே விரல் போகாத சந்து, கீழே கட்டைவிரல் நுழைகிற சந்து. பார்க்காமலே எனக்குத் தெரியும் அது. நேர் ரோட்டில் நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும், ஒவ்வொரு பாலத்திலும் இடது பின்சக்கரத்துக்கு மேலே திடும் என்று என் இடுப்பில் இடிக்கும். எங்கேயோ மோதி, அடிச்சட்டம் வளைந்து, சூடு காட்டி நிமிர்த்தின வண்டி. நான் ஒரு தரம் சொன்னதற்கு, பேராக்கில் எல்லா ரோடும் இடது பக்கம் சரிந்திருக்கிறது என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு மறுபடி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஐந்து என்று பிடிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நீங்கள் கொடுத்த விலை. அதைக் குறைத்துப் பிடித்தால் உங்களை ஏமாளி என்று நானே சொன்ன மாதிரி. ஆனால் எதிரில் நின்றவர் ஏமாறுகிறவர் இல்லை, பொய் விலை பிடித்தால் உங்கள் மாப்பிள்ளை ரயில் ஏற வேண்டியதுதான்.

இனி எழுதுவது துண்டுக்குள் நடந்தது. வாயால் சொல்லக்கூடாது, எழுதலாமா என்பதும் தெரியவில்லை. செத்தவரிடம்தானே என்று எழுதுகிறேன். இந்த முறையாவது யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பொட்டலத்தோடு என் கையைத் துண்டுக்குள் விட்டேன். உங்கள் மாப்பிள்ளையின் கை விலகிக்கொண்டது. வேற்று ஆணின் கையை நான் தொடுகிறேன், அதுவும் பாடாங்கில், பட்டப்பகலில். காதர் பாய் திடுக்கிட்டது அவர் விரலில் தெரிந்தது. நான் மூன்று விரல் பிடித்தேன். பிடித்து விட்டுவிட்டேன். வண்டி தெரிந்தவள் நான்தான், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த மூன்று விரலும் அவரிடம் சொல்லிவிட்டன. அவர் கழுத்தும் எங்கள் கழுத்தும் அதற்குள் இருந்தன. கையை இழுத்துக்கொண்டு, அவர் சத்தம் போட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவருக்கு அந்த நியாயம் இருந்தது, உங்களால் வந்த நியாயம்.

அவர் என் விரல்களைத் திருப்பிப் பிடித்தார். மூன்று. அதே மூன்று.

சரி, நீ சொன்ன விலைதான் என்று அதற்கு அர்த்தமா? இல்லை, தஞ்சோங் மாலிமில் அன்று உங்களிடம் அவர் பிடித்ததும் மூன்றுதானா? இந்த வண்டி இவ்வளவுதான் பெறும் என்று அன்றே உங்கள் கையில் சொன்னாரா? உங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒருவர் செத்துப்போனார், ஒருவர் சொல்ல மாட்டார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டுக் கிழங்கை வாயில் போட்டார். பிறகு அதிகாரியைப் பார்த்து மலாயில் சத்தமாகச் சொன்னார். இந்த வண்டி ஓட்டத்துக்கு ஆகாது, அடிச்சட்டம் வளைந்தது, பிரித்துச் சாமானாக எடுக்கலாம், இந்த ஆள் சரியாகச் சொல்லிவிட்டான், இவனை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதிகாரி அங்கேயே சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வரும்போது நான் காதர் பாயிடம், அண்ணன் செய்தது எனக்கு இப்போதுதான் தெரியும் என்று ஆரம்பித்தேன். என்னை முடிக்க விடவில்லை.

“உங்க அண்ணன் வண்டி பார்த்தா, நான் பக்கத்துல நின்னு ரசிப்பேன் தங்கச்சி. மத்தது வேணாம். கெழங்கு இன்னும் இருக்கா?”

கொடுத்தேன். பெண்சாதிக்கு என்று வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு போனார்.

இப்போது உங்கள் மாப்பிள்ளை தினம் அவரோடு பாடாங்குக்குப் போகிறார். பையப் பையக் கற்றுக்கொள்கிறார். காதர் பாய் அவரைத் திட்டுவதே இல்லையாம், அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்கிறார். எனக்கு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் கிராணியின் பட்டியலில் பெயரை அடித்தால் தலைக்கணக்குக் குறையுமே, அந்த இடத்தில் இன்னொரு பெயரை எழுதியிருப்பார்களே என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. தோட்டத்து லயத்தில் நிறைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த வாரம் ரயில் ஏறினவர்களில் எவர் என்று கிராணியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர்க் குழாயில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் இவள் புருஷனோ என்று குனிந்துகொள்கிறேன். உங்கள் மாப்பிள்ளையும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் இடுப்பில் செருகிக்கொள்கிறார், வெளியே தெரியாமல்.

உங்கள் வண்டியைப் பிரித்துவிட்டார்கள், அண்ணே. நான் பிடித்த விலைக்கு அதுதான் முடிவு. இன்ஜினை ஒரு கரி லோரிக்கு மாட்டினார்கள், பச்சைத் தகரத்தை யாரோ கூரைக்கு வாங்கிப் போனார்கள். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்துச் சொன்னேன். “எளையா போயிட்டாளா?” என்று கேட்டார். பிறகு, நீங்கள் போனபோதுகூட எங்கள் முன்னால் அழாத அந்த மனுஷி உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள்மேல் இருந்த கோபத்தை அப்போது தேடிப் பார்த்தேன். இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நீங்களும் இருந்தீர்கள். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

பழைய தரகர்களில் மிஞ்சியவர்கள் இன்னும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கோப்பிக் கடையில் கூடுகிறார்கள். கோப்பி என்ற பெயரில் வறுத்த சோளத்தைக் குடிக்கிறார்கள். காதர் பாய் அந்தப் பக்கமாக நடந்தால் இன்றைக்கும் பேச்சு நின்றுவிடுகிறதாம், அவர் எதிர்ப்பக்கம் மாறி நடந்துவிடுகிறாராம். உங்கள் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்றே நான் முடிவு பண்ணிவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நான் அந்தக் கடைக்குப் போகப் போகிறேன். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். கேட்கட்டும். அண்ணியிடம் சொன்னேன். உங்கள் பேருக்கு இன்னும் அதிக மரியாதை இருக்கிற இடம் அதுதான் என்பது அவருக்கும் தெரியும். கடைசியில், “நானும் வாரேன்” என்றார்.

வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. துண்டுக்குள் நடந்ததை என் வாய் எவரிடமும் சொல்லாது, உங்கள் மாப்பிள்ளை உயிர் அதில் இருக்கிறது. துண்டுக்கு வெளியே, துரை வீட்டு வாசலில் நடந்ததை மட்டும் சொல்வேன். ஐந்நூறு என்று உளறியது என் அண்ணன் வாய், காதர் பாய் கை சுத்தம் என்று எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொல்வேன். உங்கள் பெயர் கெடும். கெடட்டும். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தால் நீங்களே போய்ச் சொல்லியிருப்பீர்கள் என்றுதான் நான் நம்புகிறேன். காய்ச்சல் உங்களுக்கு அந்த நேரத்தைத் தரவில்லை. காதர் பாயின் தயவில் எங்களுக்கு அந்த நேரம் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்க மாட்டேன்.

உங்கள் பெயரைக் கெடுக்கப் போகிற,
உங்களை விட்டுக்கொடுக்கவும் முடியாத தங்கை,
வள்ளியம்மை